மாத்திரை குடித்த வெண்டைச் செடி

ராதாகிருஷ்ணனின் உடம்பில் பேர் வாங்கியவை இரண்டே உறுப்புகள்தான். ஒன்று வலது கைக் கட்டைவிரல், இன்னொன்று வலது கால் கட்டைவிரல். மற்றதெல்லாம் சும்மா கூட வந்தவை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடித்ததும் எதிரே இருப்பவரும் சிரிக்கிறாரா என்று ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்ப்பார்.

முதலில் கைவிரல். செர்டாங் பக்கம் ஒரு பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் முப்பத்தொரு வருடம் ஆய்வக உதவியாளராக இருந்தார். முளைவிட்ட விதையின் வேர் நுனியை நகக்கண் அளவு நறுக்கி, சாயத்தில் ஊறவைத்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, மேலே மெல்லிய கண்ணாடி மூடிக் கட்டைவிரலால் ஒரே அமுக்கு. அமுக்கு குறைந்தால் குரோமோசோம்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குப்பலாகக் கிடக்கும், எண்ண முடியாது. கூடினால் கண்ணாடி நொறுங்கும். ராதாகிருஷ்ணன் அமுக்கினால் புள்ளி வைத்த கோலம்போலத் தனித்தனியாக விரிந்து நிற்கும். முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவர்கள் அவர் மேசை முன்னால் வரிசை கட்டினார்கள். அவர் எண்ணிச் சொன்ன எண்ணிக்கையை வைத்து முப்பத்தெட்டுப் பேர் டாக்டர் ஆனார்கள்.

அந்த முப்பத்தெட்டு ஆய்வேடுகளிலும் அவர் பெயர் இருக்கிறது. நன்றியுரையின் கடைசிப் பத்தியில், ஓட்டுநருக்கும் தோட்டக்காரருக்கும் நடுவில். அந்தப் பக்கங்களை மட்டும் நகலெடுத்து ஒரு நீலக் கோப்பில் வைத்திருந்தார். வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கோப்பி கொடுத்தபின் கோப்பையும் காட்டுவார். வீட்டுக்கு ஆள் வருவது குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று பிறகு ஒப்புக்கொண்டார்.

அடுத்தது கால்விரல். கிள்ளானில் குடியிருந்துகொண்டு நண்டு சாப்பிடாதவன் மனிதனே இல்லை என்பது அவர் கொள்கை. மாதம் ஒரு தடவை பூலாவ் கெத்தாம் தீவுக்குப் படகேறி, கொள்கையைக் கடைப்பிடித்துவிட்டு வருவார். அறுபத்தொரு வயதில் ஒரு நாள் காலையில் எழுந்தபோது கால் கட்டைவிரல் எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போனது. டாக்டர் பார்த்துவிட்டு, இது கௌட் என்கிற மூட்டுவாதம் என்றார். யூரிக் அமிலத்தைக் குறைக்க ஒரு மாத்திரையும், வலி திரும்பாமலிருக்க ஆறு மாதத்துக்குத் தினம் ஒன்றாக ஒரு சின்ன வெள்ளை மாத்திரையும் எழுதினார்.

வெள்ளை மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பெயரைப் படித்ததும் ராதாகிருஷ்ணன் கிளினிக்கிலேயே வாய்விட்டுச் சிரித்துவிட்டார். கோல்கிசின். ஆய்வகத்தில் மண்டையோட்டுப் படம் போட்ட பழுப்புப் புட்டியில் பூட்டி வைத்திருந்த அதே சரக்கு. அங்கே கையுறை இல்லாமல் தொட்டால் மேலதிகாரி கத்துவார். இங்கே சாப்பிட்டபின் ஒன்று விழுங்கு என்கிறார்கள். செல் பிரியும்போது குரோமோசோம்களை இரண்டு பக்கமாக இழுத்துக்கொண்டு போகிற நூல்களை இந்த மருந்து அறுத்துவிடும், அதனால் இரட்டித்த குரோமோசோம்கள் பிரிய முடியாமல் ஒரே செல்லில் தங்கிவிடும், செடி வளர்க்கிறவர்கள் இதை வைத்துத்தான் புதுச் செடி உண்டாக்குகிறார்கள் என்று டாக்டருக்கு இருபது நிமிடம் வகுப்பெடுத்தார். வெளியே பதினோரு நோயாளிகள் காத்திருந்தார்கள். டாக்டர் நன்றி சொல்லிக் கதவைத் திறந்து விட்டார்.

மாத்திரைப் பொறுப்பை அவர் மனைவி ரமணி எடுத்துக்கொண்டார். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கிளினிக்கில் இருபது வருடம் மருந்து எடுத்துக் கொடுத்தவர். ஏழு நாளுக்கு ஏழு அறை வைத்த பிளாஸ்டிக் பெட்டியில் ஞாயிற்றுக்கிழமை மாத்திரைகளைப் போட்டு மூடுவார். தினமும் காலையில் ஓர் அறையைத் திறந்து கணவரின் உள்ளங்கையில் கொட்டி, தண்ணீரைக் கையில் கொடுத்து, தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவார்.

இது இப்படியே போயிருந்தால் எழுத ஒன்றுமில்லை. வெண்டைச் செடி குறுக்கே வந்தது.

ஓய்வு பெற்றபின் ராதாகிருஷ்ணன் வீட்டுப் பின்சந்தில், சந்தைக்கு மீன் வருகிற வெள்ளைப் பெட்டிகளில் மண் நிரப்பி வெண்டை போட்டிருந்தார். அடுத்த வீட்டில் யெனி என்று ஒரு சுலாவெசித் தீவுக்காரப் பெண், உள்ளூர்க்காரரைக் கட்டிக்கொண்டு வந்தவர். அவர் தன் பங்குக்குக் கெடி வளர்த்தார். கெடி, வெண்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை. அதே மஞ்சள் பூ, நடுவில் அதே கருஞ்சிவப்புக் கண். காயை யாரும் சீண்டுவதில்லை. இலையைப் பறித்துக் கஞ்சியில் போடுவார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவே மூன்றடிச் சந்து. மனிதர்கள் அவரவர் பக்கத்தோடு நின்றுகொண்டார்கள், தேனீக்கள் நிற்கவில்லை.

சென்ற வருடம் எடுத்து வைத்த சொந்த விதையை இந்த வருடம் ஊன்றியபோது ஆறாவது பெட்டியில் ஒன்று மட்டும் விசித்திரமாக வந்தது. தண்டு வெண்டை, இலை கெடிபோல விரல் விரலாக. பூ உள்ளங்கை அகலம். ஆளை மிஞ்சி வளர்ந்தது. காய் மட்டும் குட்டையாக, கையை அறுக்கிற சுணையோடு. ராதாகிருஷ்ணன் முதல் காய் முற்றியதும் பிளந்து பார்த்தார். விதை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் தவிடு. இரண்டாவது காயிலும் தவிடு. பத்தாவது காயிலும் தவிடு. ரமணி எட்டிப் பார்த்துவிட்டு, விதையில்லாத வெண்டைக்காய் சாம்பாருக்கு நல்லதுதானே, சுணையைத் தேய்த்து எடுத்துவிட்டுப் போடலாமா என்று கேட்டார். ராதாகிருஷ்ணன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

அன்று தொடங்கி ஆள் கிடைத்தால் போதும், செருப்புக் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். குரோமோசோம்களைக் கோயில் வாசலில் கிடக்கிற செருப்புகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா வெண்டை விட்டுப்போனது அறுபத்தைந்து, அப்பா கெடி விட்டுப்போனது முப்பத்து மூன்று, ஆகமொத்தம் தொண்ணூற்றெட்டு. விதை உண்டாக வேண்டுமென்றால் செருப்பை ஜோடி ஜோடியாகச் சேர்த்து, பிறகு சரிபாதியாகப் பிரிக்க வேண்டும். அளவே பொருந்தவில்லை என்றால் எதை எதோடு சேர்ப்பது? அதனால் இந்தச் செடி பூக்கும், காய்க்கும், வாரிசு மட்டும் வராது. ஆனால் ஒவ்வொரு செருப்புக்கும் அச்சு அசலாக இன்னொன்று கிடைத்துவிட்டால்? தொண்ணூற்றெட்டு, நூற்றுத் தொண்ணூற்றாறு ஆகிவிட்டால் எல்லாவற்றுக்கும் ஜோடி வந்துவிடும். விதை பிடிக்கும். அந்த விதையில் வருவது வெண்டையோடும் ஒழுங்காகச் சேராது, கெடியோடும் சேராது, தன்னோடுதான் சேரும். அதற்குப் பெயர்தான் புது இனம். லட்சம் வருடம் காத்திருக்க வேண்டாம், ஒரே தலைமுறை. நாம் தின்கிற கோதுமை அப்படி வந்தது, கட்டுகிற பருத்தி அப்படி வந்தது. வெண்டைக்காயே என்றைக்கோ அப்படி வந்ததுதான் என்று நினைக்கிறார்கள்.

தபால்காரர் இதை இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது தடவை கடிதத்தைக் கேட்டுக்கு வெளியிலிருந்தே வீசிவிட்டுப் போனார்.

சொல்லச் சொல்ல அவருக்கே ஆசை தலைக்கேறியது. முப்பத்தொரு வருடம் அடுத்தவர் உண்டாக்கியதை எண்ணிச் சொன்னவர். தானாக ஒன்றை உண்டாக்கினால் என்ன? அதற்கு வேண்டியது ஒரே ஒரு நல்ல விதை. செடிக்கோ மூன்று மாதம் ஆகிவிட்டது, தண்டில் மாவுப்பூச்சி ஏறிக்கொண்டிருந்தது. அது சாவதற்குள் ஒரு விதை. அப்படிக் கிடைத்தால் ஒரு கட்டுரையின் நன்றியுரையில் அல்ல, நெற்றியில், தலைப்புக்குக் கீழே, முதல் பெயராக ராதாகிருஷ்ணன். வெட்கமில்லாமல் சொன்னால் அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பழைய மேலதிகாரி டாக்டர் மலருக்குப் போன் போட்டு, ஒரு சிட்டிகை கோல்கிசின் கிடைக்குமா என்று கேட்டார். மலர் நல்லவர், ஆனால் சட்டம் தெரிந்தவர். பூட்டி வைத்த நஞ்சை வெளியாளுக்குக் கொடுத்தால் தன் வேலை போய்விடும் என்றார். ஓய்வு பெற்றவர் ஓய்வெடுக்கலாமே என்றும் ஒரு வார்த்தை போட்டார். "வெளியாள்" என்ற சொல் ராதாகிருஷ்ணனைச் சுருக்கென்று தைத்தது. போனை வைத்துவிட்டுக் கோபமாகத் திரும்பினால், எதிரே மேசைமேல் ஏழு அறைப் பெட்டி.

மாத்திரை ஒன்றில் அரை மில்லிகிராம். பத்து மாத்திரையை ஒரு தேக்கரண்டித் தண்ணீரில் கரைத்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆய்வகத்தில் கலக்குகிற அதே அளவு. கடவுள் ஏதோ கணக்குப் போட்டுத்தான் தனக்குக் கௌட் கொடுத்திருக்கிறார் என்று ராதாகிருஷ்ணன் அந்த நிமிடம் நம்பினார். கட்டைவிரலா, புது இனமா? கண்ணாடி முன் நின்று இந்தக் கேள்வியை வாய்விட்டே கேட்டுக்கொண்டார். அறிவியலுக்காகக் கண்ணைக் கொடுத்தவர்கள் உண்டு, உயிரைக் கொடுத்தவர்கள் உண்டு, நான் ஒரு விரலைக் கொடுக்கக் கூடாதா என்று பதிலும் சொல்லிக்கொண்டார். கேட்க ஆள் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

மறுநாள் காலையிலிருந்து திருட்டுத்தனம் தொடங்கியது. வெள்ளை மாத்திரையை மட்டும் நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு தண்ணீரைக் குடிப்பார். தொண்டை ஏறி இறங்கும். ரமணி அடுப்படிக்குத் திரும்பியதும் பின்சந்துக்குப் போய், உமிழ்ந்து, துடைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். முதல் நாள் மாத்திரை நாக்கைக் கசப்பில் சுருட்டியது. அதைப் பையிலிருந்து எடுக்க மறந்து, அது சட்டையோடு வாஷிங் மெஷினுக்குப் போய்விட்டது. அதனால் பத்து நாள் வேலை பதினோரு நாள் ஆனது. இரண்டாம் நாளிலிருந்து கசப்பும் பழகிவிட்டது, வாயில் ஒன்றுமே தெரியவில்லை. ஒருவேளை நாக்கு மரத்துவிட்டதோ என்று பார்த்தால், காலைக் கோப்பி மட்டும் வாயில் வைக்க முடியாமல் கசந்தது. கேட்டதற்கு, கோப்பித்தூள் மாற்றியிருப்பதாக ரமணி சொன்னார்.

இதில் பெரிய அதிசயம் கால்விரல்தான். மருந்தே இல்லாமல் பதினோரு நாள், வலி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மனவுறுதி என்று ஒன்று உண்டு, டாக்டர்களுக்குத்தான் அது புரிவதில்லை என்று ராதாகிருஷ்ணன் முடிவு கட்டினார். விரலைத் தடவிக்கொடுத்து, நீயும் அறிவியலுக்கு ஒத்துழைக்கிறாய் என்று பாராட்டினார்.

பன்னிரண்டாம் நாள் ரமணியின் ரோஸ் நிறப் பாத்திரம் கழுவும் கையுறையை மாட்டிக்கொண்டு பத்து மாத்திரையையும் நுணுக்கிக் கரைத்தார். லேசாக ஒரு நாற்றம் வந்தது. நஞ்சென்றால் நாறத்தானே செய்யும். ஒரு கிளையின் குருத்தில் பஞ்சை வைத்துக் கட்டி, சொட்டுச் சொட்டாக நனைத்தார். எந்தக் கிளை என்று மறக்காமலிருக்கச் சிவப்பு நூல் ஒன்றையும் கட்டினார். மூன்று நாள் காலையும் குடை பிடித்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் காவல் இருந்தார். யெனி மலாயில், அங்கிள், செடிக்குக் காய்ச்சலா என்று கேட்டார். ராதாகிருஷ்ணன் செருப்புக் கதையை மலாயில் சொன்னார். யெனி கடைசிவரை கேட்டார். உலகத்திலேயே கடைசிவரை கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

பிறகு காத்திருப்பு. தினமும் நூல் கட்டிய கிளையின் இலையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்து, தடித்திருக்கிறது என்று நோட்டில் எழுதுவார். அடுத்த நாள், இன்னும் தடித்திருக்கிறது. எழுதியபடியே தடித்திருந்தால் இந்நேரம் அது சப்பாத்தி கனத்துக்கு வந்திருக்க வேண்டும். அந்தக் கிளையில் காய்கள் வந்தன. முற்றின. பிளந்தார். தவிடு, தவிடு, தவிடு. செடி அடியிலிருந்து மஞ்சளாகிக்கொண்டு வந்தது. ராதாகிருஷ்ணனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு காலையில் யெனி வேலி ஓரமாக நின்று கூப்பிட்டார். அவர் பக்கம் சாய்ந்திருந்த கிளையில், இலைக்குப் பின்னால் யாரும் பார்க்காத ஒரு காய் காய்ந்து தொங்கியது. ஆட்டினால் சத்தம் வருகிறது என்றார். ராதாகிருஷ்ணன் அதைக் காதோரம் வைத்து ஆட்டினார். கிலுகிலு. பிளந்தார். தவிட்டுக்கு நடுவே மூன்று விதைகள், கறுப்பாக, உருண்டையாக, கெட்டியாக. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சுணை பட்டுவிட்டது என்று யெனியிடம் சொன்னார்.

அந்தக் கிளையில் சிவப்பு நூல் இல்லை. அதை அவர் பார்க்காமல் இல்லை. மருந்து சாற்றோடு ஓடி இங்கே வந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வேறு யாராவது ஆய்வகத்தில் வந்து இப்படிச் சொல்லியிருந்தால் அவரே சிரித்திருப்பார்.

இரண்டு விதையை ஊன்றினார், ஒன்று முளைத்தது. நாற்றை ஈரப்பஞ்சில் சுற்றி, தாய்ச் செடியின் வேர்த் துண்டையும் எடுத்துக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவில் வைத்துக் கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறினார். கே.எல். சென்ட்ரலில் இறங்கி செர்டாங் ரயிலுக்கு மாறினார். டப்பாவை வழி முழுக்க நெஞ்சோடு பிடித்திருந்தார். பக்கத்தில் இருந்தவர் என்ன என்று கேட்டார், செருப்புக் கதையைக் கேட்டார், அடுத்த நிலையத்தில் இறங்கிவிட்டார்.

மலர் மேசையை ஒதுக்கிக் கொடுத்தார். நறுக்கி, ஊறவைத்து, தகட்டில் வைத்து, கண்ணாடியை மூடி, கட்டைவிரலால் ஒரே அமுக்கு. விரலுக்கு வித்தை மறக்கவில்லை. தாய்ச் செடியில் தொண்ணூற்றெட்டு. நாற்றில் எண்ணினால் முடிவில்லாமல் போய்க்கொண்டே இருந்தது. ஒரு செல்லில் நூற்றுத் தொண்ணூற்று மூன்று, இன்னொன்றில் நூற்றுத் தொண்ணூற்றேழு, அடுத்ததில் நூற்றுத் தொண்ணூற்றைந்து. இத்தனை நெருக்கத்தில் எண்ணினால் ஒன்றிரண்டு முன்பின் ஆகும், மூன்றையும் அப்படியே எழுதினார். மலர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இரட்டிச்சிருக்கு, அண்ணே," என்றார்.

நிலையத்தின் ஆய்விதழில் இரண்டு பக்கக் குறிப்பாகப் போடலாம், முதல் பெயர் உங்களுடையது, எப்படிச் செய்தீர்கள் என்று விவரமாக எழுதி அனுப்புங்கள் என்றார். ராதாகிருஷ்ணன் திரும்பும் வழியில் பிரிக்பீல்ட்ஸில் இறங்கி வாழை இலைச் சாப்பாடு சாப்பிட்டார், ரமணிக்கு ஒரு பெட்டி லட்டு வாங்கினார். அந்த வாரமே பூலாவ் கெத்தாமுக்கும் போய் நண்டு தின்று வெற்றியைக் கொண்டாடினார்.

ஞாயிறு மாலை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். மாத்திரை எந்தக் கம்பெனி என்று போட வேண்டும். அட்டையைக் கொண்டுவரச் சொன்னார். ரமணி கையைத் துடைத்துக்கொண்டே வந்து, அது எதற்கு என்று கேட்டார். இனி மறைக்க என்ன இருக்கிறது? விழுங்காமல் சேர்த்து வைத்து, பத்து மாத்திரையையும் செடிக்குப் போட்ட வீரக்கதையை அவர் சொன்னார். பாராட்டுக்காகச் சற்று நிறுத்தினார்.

ரமணி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"செடிக்கா போட்டீங்க? நான் நீங்க பயந்துகிட்டு துப்புறீங்கன்னு நெனச்சேன். நஞ்சு நஞ்சுன்னு ஊரெல்லாம் சொன்னீங்கல்ல."

"ஒனக்கு எப்படித் தெரியும் துப்புனது?"

"மெஷின்ல மாத்திரை கெடந்துச்சு. சொன்னா கேக்க மாட்டீங்க, கொஞ்ச நாளைக்கி மாத்தி வெச்சிட்டேன். பொட்டியில இருந்தது அதே மாதிரி வெள்ளையா ஒரு வைட்டமின். கௌட் மாத்திரைய நான்தான் நுணுக்கி கோப்பியில போட்டேன்."

ராதாகிருஷ்ணன் பேனாவை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

"அப்போ கால் வலிக்காம இருந்தது?"

"மாத்திரைதாங்க."

மனவுறுதி போயிற்று. தடித்த இலை போயிற்று. மூன்று நாள் குடை பிடித்து, ரோஸ் கையுறை போட்டுக்கொண்டு, ஒரு வெண்டைச் செடிக்கு வைட்டமின் கொடுத்திருக்கிறார். அதுவும் அந்தக் கிளையில் ஒரு விதைகூட இல்லை.

விதை எப்படி வந்தது என்பது கோப்பி ஆறுவதற்குள் அவருக்கே விளங்கிவிட்டது. தெரியாத விஷயமா? எத்தனை பேர் ஆய்வேட்டுக்கு எண்ணிக் கொடுத்திருக்கிறார்! பூவுக்குள்ளே மகரந்தமும் முட்டையும் உண்டாகிறபோது எண்ணிக்கை பாதியாக வேண்டும். எப்போதாவது அது பிசகும், பாதியாகாமல் முழுசாகவே போய்விடும். அப்படிப் பிசகிய மகரந்தமும் பிசகிய முட்டையும் ஒரே பூவில் சந்தித்தால், தொண்ணூற்றெட்டும் தொண்ணூற்றெட்டும் நூற்றுத் தொண்ணூற்றாறு. காட்டில் புது இனம் வருவது அப்படித்தான். அங்கே கோல்கிசின் கரைத்துப் பஞ்சு வைக்க யார் போனார்கள்? ஒரு தவறும் இன்னொரு தவறும் சேர்ந்து கிள்ளான் பின்சந்தில் காரியத்தை முடித்துவிட்டன. அந்த நேரத்தில் அடுத்த கிளைக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்த மனிதரை அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்படியானால் முதல் பெயர்? எதையும் செய்யாதவனுக்கு எதற்கு முதல் பெயர்?

மூன்று நாள் மலருக்குப் போன் போடவில்லை. யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு மனம் கேட்டுக்கொண்டே இருந்தது. ரமணி சொல்ல மாட்டார். ஆயிரத்தில் ஒரு பங்கு கோல்கிசின் என்று ஒரு வரி எழுதினால் போதும், முப்பத்தொரு வருடக் கடன் தீரும். வெட்கத்தில் அந்த மூன்று நாளும் மாத்திரையும் வேண்டாம், கோப்பியும் வேண்டாம் என்றிருந்தார். தின்ற நண்டு சும்மா இருக்குமா? நான்காம் நாள் கட்டைவிரல் மறுபடி எலுமிச்சம்பழம் ஆனது. மனவுறுதியை எங்கே என்று தேடினார், அகப்படவில்லை.

காலை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு, வேறு வேலை இல்லாமல் நீலக் கோப்பைப் புரட்டினார். பதினேழாவது ஆய்வேட்டுப் பையன் நினைவுக்கு வந்தான். நாற்பத்தேழு என்று எண்ணியதை நாற்பத்தெட்டு என்று எழுதச் சொல்லிக் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். எழுதவில்லை. முப்பத்தொரு வருடத்தில் எண்ணாத ஒன்றை எண்ணியதாக அவர் எழுதியதே இல்லை. விரலால் அமுக்க ஆயிரம் பேர் கற்றுக்கொள்ளலாம், இது ஒன்றுதான் தன்னுடையது என்று அவருக்குத் தோன்றியது. அதையும் விற்று ஒரு பெயர் வாங்கினால் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரன் யார்?

மலருக்குப் போன் போட்டார். சட்டைப் பை, வாஷிங் மெஷின், வைட்டமின், கோப்பி, ஒன்று விடாமல் சொன்னார். மலர் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. ராதாகிருஷ்ணன் காத்திருந்தார். அந்தப் பக்கம் சிரிப்பு நின்று, குரல் மாறியது.

"அண்ணே, மருந்து போட்டு இரட்டிக்க வெச்சவங்க நூறு பேரு இருக்காங்க. தானா இரட்டிச்சத கையில புடிச்சவங்க எத்தன பேரு? நீங்க மருந்து போட்டிருந்தா இது ஒண்ணுமே இல்ல. போடாததுனாலதான் இது விஷயம்."

அதோடு, மருந்து போட்டோமென்று நம்பிய கிளையில் ஒன்றும் நடக்கவில்லை, தொடாத கிளையில் நடந்திருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட என்ன வேண்டும் என்றும் கேட்டார்.

இரண்டு மாதம் கழித்து அச்சுக்குப் போகுமுன் பார்க்கச் சொல்லி மலர் பக்கங்களை அனுப்பினார். தலைப்புக்குக் கீழே முதலில் ராதாகிருஷ்ணன், அடுத்து மலர். அவர் அதை நான்கு தடவை படித்தார். ஐந்தாவது தடவைக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். உள்ளே, செய்முறை என்ற இடத்தில் ஒரு வரி: 'ஒரு கிளையின் குருத்தில் வைட்டமின் கரைசல் வைக்கப்பட்டது; விளைவு எதுவும் இல்லை.' தன் வாழ்க்கை வரலாறே இதுதானே என்று சிரித்துக்கொண்டே கடைசிப் பக்கத்துக்கு வந்தார்.

நன்றியுரை. நிலையத்தின் ஓட்டுநருக்கு நன்றி. மாத்திரைகளை மாற்றி வைத்த திருமதி ரமணிக்கு நன்றி. நாற்றைப் பராமரித்த தோட்டக்காரருக்கு நன்றி.

சிரிப்பு நின்றுவிட்டது. அந்த இடம் அவருக்குத் தெரியும். முப்பத்தெட்டுத் தடவை குடியிருந்த இடம். மேலே பெயர் போட்டுக்கொண்டவர்கள் யாரும் அந்த வரியை இரண்டாம் தடவை படித்ததில்லை என்பதும் தெரியும். இந்த வீட்டில் ஒழுங்காக ஒரு பரிசோதனை செய்தது யார்? எந்த மாத்திரை எங்கே போகிறது என்று தெரிந்து, மாற்றி வைத்து, தினம் ஒன்றாகத் தவறாமல் கொடுத்து, வாயைத் திறக்காமல் இருந்தது யார்?

உடனே மலருக்குப் போன் போட்டார். ரமணியின் பெயரை அங்கிருந்து எடுத்து மேலே, தன் பெயருக்குப் பக்கத்தில் போட வேண்டும் என்றார். மலர் தயங்கினார். அக்கா ஆராய்ச்சி என்று தெரிந்து செய்யவில்லையே என்றார். தெரிந்து செய்த நான் என்ன கிழித்தேன் என்று ராதாகிருஷ்ணன் கேட்டார். மலர், சரி அண்ணே, போட்டுவிடுகிறேன் என்றார்.

அடுப்படிக்குப் போய் ரமணியிடம் சேதியைச் சொன்னார். ரமணி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார்.

"நீங்க என்ன செஞ்சீங்கன்னு போட்டிருக்காங்க?"

"பாத்தேன்னு போட்டிருக்காங்க."

"வேற?"

"வேற ஒண்ணும் செய்யலன்னு போட்டிருக்காங்க."

"அது சரிதான்," என்றார் ரமணி. "பேரு எங்கேயும் ஓடிப்போகாது. இன்னிக்கி மாத்திரை எங்க?"

ராதாகிருஷ்ணன் பெட்டியைத் திறந்து வெள்ளை மாத்திரையை எடுத்து வாயில் போட்டார். நாக்கைச் சுருட்டுகிற கசப்பு. தண்ணீர் குடித்து விழுங்கினார். பிறகு, யாரும் கேட்காமலே மனைவியின் முன்னால் வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினார். ரமணி கத்தியைக் கீழே வைத்துவிட்டு எட்டி உள்ளே பார்த்தார்.